அம்மாவின் களைப்புக்குக் கியூ10 குளிசை கொடுக்கலாமா?

தங்கச்சி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். சீனிக்கு மெட்போமின், கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டட்டின் வகையைச் சேர்ந்த அட்டோவஸ்டட்டின், பிரஷருக்கு லொசாட்டன் என்று மூன்று குளிசைகள் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். அப்பா தவறிய பிறகு மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவதை விட்டுவிட்டார். இந்த ஆறேழு மாதமாக "ஒண்டும் ஏலாமக் கிடக்கு மகள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், தொடையும் நோகிறதாம். லண்டனில் இருக்கும் அண்ணா கோஎன்சைம் கியூ10 என்ற 200 மில்லிகிராம் கப்சியூலில் இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறார். அதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா, பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் சுருண்டு படுக்கிற உங்களுக்கும் அதில் உசார் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுத்தால் அம்மாவுக்குப் பெரிய ஆபத்து எதுவும் வரப்போவதில்லை. ஆனாலும் இப்போதைக்குப் போத்தலைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் எழுதிய நாலு வரிக்குள்ளேயே அம்மாவின் களைப்புக்கு மூன்று நான்கு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடக் கியூ10 தீர்க்காது. கப்சியூலைத் தொடங்கினால் "கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்போம்" என்று மூன்று மாதம் ஓடிவிடும். அந்த மூன்று மாதமும் உண்மையான காரணம் தேடப்படாமல் கிடக்கும். கல்லடியில் மருந்துக்கடையில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். வெளிநாட்டுப் போத்தலால் கெட்டுப் போனவர்களை அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். அந்தப் போத்தலை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டவர்களைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன்.

சரி, இந்தக் கியூ10 என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நொதியம் (என்சைம்), துணைநொதியம் (கோஎன்சைம்), இழைமணி (கலத்துக்குள் சக்தி ஆக்கும் சிற்றுறுப்பு) என்று படித்திருப்பீர்கள். நொதியம் வேலைக்காரன் என்றால் துணைநொதியம் அவன் கையில் இருக்கும் கருவி. கியூ10 இழைமணிக்குள் வேலை செய்யும் ஒரு துணைநொதியம்.

படுவான்கரைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதை ஏறியிருப்பீர்கள்தானே? (வெளியூர்க்காரர்களுக்காக: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைதான் படுவான்கரை; இங்கே வாவியைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவையைப் 'பாதை' என்போம்.) இழைமணியின் உட்சவ்வையும் ஒரு வாவி என்று நினையுங்கள், தண்ணீருக்குப் பதிலாகக் கொழுப்பு நிறைந்த வாவி. இந்தக் கரையில் இரண்டு துறைகள். சோற்றிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் பிரிந்து வந்த இலத்திரன்கள் அந்தத் துறைகளில் வந்து நிற்கும். அக்கரையில் மூன்றாவது துறை. நடுவில் ஓடும் பாதைதான் கியூ10. இரண்டு இலத்திரன்களை ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி வரும். ஏற்றிய பாதைக்குப் பெயர் யுபிகுவினோல், இறக்கிய பாதைக்குப் பெயர் யுபிகுவினோன். போத்தல்களில் இந்த இரண்டு பெயர்களையும் காண்பீர்கள். ஒரே பொருளின் இரண்டு நிலைகள்தான் அவை, உடம்புக்குள் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டே இருக்கும். அக்கரையில் இறங்கிய இலத்திரன்கள் கடைசியில் ஒட்சிசனிடம் போய்ச் சேர்கின்றன. இந்த ஓட்டத்தில் பிறக்கும் விசையில்தான் ஏடிபி என்ற சக்திப் பொருள் உருவாகிறது. கண் சிமிட்டுவதிலிருந்து இதயம் துடிப்பது வரை அதில்தான் நடக்கிறது. ஒரு நாளில் நாம் ஆக்கிச் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடையளவு வரும்.

'உசாருக்குக் குளிசை' என்ற பெயர் இதற்கு வந்தது இதனால்தான். பொய்யான கதை இல்லை. 1957 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் கிரேன் மாட்டு இதயத்தின் இழைமணிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடம் கார்ல் போக்கர்ஸின் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்தது. இழைமணியில் ஏடிபி எப்படிப் பிறக்கிறது என்று விளக்கிய பீட்டர் மிச்சலுக்கு 1978 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானம் உறுதியானது. அந்த விஞ்ஞானத்திலிருந்து போத்தலுக்குத் தாவுகிற இடத்தில்தான் கவனம் வேண்டும்.

துறையில் சனம் காத்துக் கிடந்து பாதை இல்லையென்றால், இன்னொரு பாதை விட்டால் கூட்டம் கலையும். பாதைகள் போதுமான அளவு ஓடிக்கொண்டிருக்க, துறைக்கு ஆளே வராவிட்டால்? அல்லது அக்கரையில் இறங்கியவர்களை ஏற்றிப்போக பஸ் வராவிட்டால்? பத்துப் பாதை விட்டும் பயனில்லை. ஆட்களைத் துறைக்குக் கொண்டு வந்து சேர்க்கும் வண்டிகள் பி வகை விற்றமின்களிலிருந்து ஆன துணைநொதியங்கள். அக்கரை பஸ் ஒட்சிசன்; அது இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு வர வேண்டும். கியூ10 விற்கிறவர்கள் பாதையை மட்டும் பேசுவார்கள். அம்மாவின் விஷயத்தில் வண்டியும் பஸ்ஸும்தான் என் மனதில் நிற்கின்றன.

இன்னொன்று, கியூ10 ஒரு விற்றமின் இல்லை. நம் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குக் கிடைப்பது 3 முதல் 6 மில்லிகிராம்தான்: இறைச்சி, ஈரல், சூடை, கீரி போன்ற மீன்கள், கச்சான், எள்ளு ஆகியவற்றில் உண்டு. உங்கள் அண்ணா அனுப்பிய ஒரு கப்சியூலின் அளவைச் சாப்பாட்டில் எடுக்க யாராலும் முடியாது, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. பரம்பரைக் குறைபாட்டால் இதைத் தயாரிக்கவே முடியாத குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது உயிர் மருந்து.

பாதை உண்மையாகவே குறைகிற இன்னொரு இடம் பலவீனமான இதயம். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில் இதயச் செயலிழப்புள்ள 420 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்துகளோடு ஒரு நாளைக்கு மூன்று தடவை 100 மில்லிகிராம் கியூ10 கொடுத்தார்கள். இரண்டு வருட முடிவில் மரணம், அவசரமாக ஆஸ்பத்திரியில் அனுமதிப்பது போன்ற பெரிய சம்பவங்கள், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 26 வீதம், கியூ10 எடுத்தவர்களில் 15 வீதம். நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் இதய நோயாளிகள், இதய மருந்துகளை விடாமல் அதோடு சேர்த்து எடுத்தவர்கள். சுவீடனில் 443 முதியவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் கியூ10ஐயும் செலீனியத்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்விலும் இதய மரணங்கள் குறைந்தன. அங்கே மண்ணில் செலீனியம் குறைவு, ஆட்களின் உடம்பிலும் குறைவு. கிழமைக்கு நாலு நாள் மீன் சாப்பிடும் கரையோரச் சனத்துக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பார்கின்சன் நோய்க்கு ஒரு நாளைக்கு 2,400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள், 600 பேரில். பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயிலும் அதே கதை. பிரஷரைக் குறைக்கும் என்று சொல்லப்பட்டதை 2016 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் குழு ஆராய்ந்து, மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை என்று எழுதியது. ஒற்றைத் தலைவலியில் சிலருக்குத் தடவை குறைவதற்கு ஓரளவு சான்று உண்டு. வெறும் களைப்புக்கு? 2022 இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, களைப்பு ஓரளவு குறைந்ததாகச் சொல்கிறது. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஆகவே 'ஒன்றுமே செய்யாது' என்று நான் சொல்லமாட்டேன். வேறு காரணம் இல்லை என்று உறுதியான பிறகு முயன்று பார்க்கக்கூடிய பொருள் என்பது என் கணிப்பு.

இனி அம்மாவின் தொடை நோவுக்கு வருகிறேன். அண்ணா இந்தப் போத்தலை ஏன் அனுப்பினார் என்று நினைக்கிறீர்கள்? 'ஸ்டட்டின் குளிசை உடம்பின் கியூ10ஐக் குறைக்கும்' என்று எங்கேயோ வாசித்திருப்பார். அது சரிதான். கொலஸ்ட்ரோலும் கியூ10உம் ஈரலில் ஒரே வாய்க்காலில் இருந்து பிரிகிற இரண்டு கிளைகள். அட்டோவஸ்டட்டின் அந்தத் தலைவாய்க்காலை அடைக்கிறது. இரண்டு வயலுக்கும் தண்ணீர் குறையும். இரத்தத்தில் கியூ10 அளவு குறைவது அளந்து பார்த்த உண்மை. அப்படியென்றால் கியூ10 கொடுத்தால் நோவு போக வேண்டுமே? அங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை. சிலதில் குறைந்தது, சிலதில் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. 2018 இல் வந்த அமெரிக்க இதய சங்கங்களின் கொலஸ்ட்ரோல் வழிகாட்டி, ஸ்டட்டின் நோவுக்கு இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

இதில் 2020 இல் லண்டனில் செய்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி ஆட்களுக்குச் சொல்வேன். நோவு தாங்காமல் ஸ்டட்டினை நிறுத்திய 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 போத்தல்: நாலில் ஸ்டட்டின், நாலில் மருந்தில்லாத குளிசை, நாலு வெறும் போத்தல். மாதம் ஒன்று. ஒவ்வொரு நாளும் நோவுக்குப் புள்ளி போட வேண்டும். குளிசையே இல்லாத மாதங்களில் நோவு குறைவு. ஸ்டட்டின் மாதங்களில் கூடிய நோவில் 90 வீதம், மருந்தில்லாத குளிசை எடுத்த மாதங்களிலும் இருந்தது. இதை வைத்து அம்மாவின் நோவு பொய் என்று யாரும் சொல்லக் கூடாது. நோவு உண்மையான நோவு. குளிசை போடுகிறோம் என்ற பயமே தசையை நோகச் செய்யும். ஆனால் முடிவை அறிந்த பிறகு அவர்களில் பாதிப் பேர் திரும்ப ஸ்டட்டின் எடுத்தார்கள்.

ஆகவே தங்கச்சி, கியூ10 வந்துவிட்டது என்று அட்டோவஸ்டட்டினை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். 61 வயது, 12 வருடச் சீனி. மாரடைப்பிலிருந்து அம்மாவைக் காப்பதில் அந்தக் குளிசைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தொடை நோவு தொடர்ந்தால் டொக்டரிடம் சொல்லி சிகே என்ற தசைப் பரிசோதனை செய்யலாம், அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டட்டினுக்கு மாற்றலாம். சலம் (சிறுநீர்) தேத்தண்ணி நிறத்தில் போனால் மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது நான் உண்மையாகச் சந்தேகிக்கும் ஆள். விற்றமின் பி12.

மெட்போமின் பல வருடம் எடுத்தால் பி12 குடலில் உறிஞ்சப்படுவது குறையும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் உடனே தெரியாது, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வற்றும், மாரி பொய்த்த குளம்போல. பி12 தாவரங்களில் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் உண்டு. அம்மா மச்சத்தை விட்டு எத்தனை வருடம்? ஒரு பக்கம் வரவு நின்றது, மறுபக்கம் உறிஞ்சுவது குறைந்தது. பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 2022 இல் இதையே நினைவூட்டியது: மெட்போமின் எடுப்பவருக்குக் களைப்பு, விறைப்பு, நாக்கு எரிவு இருந்தால் பி12 பாருங்கள் என்று. கால் விறைக்கிறதா, பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறதா, சாமான் வைத்த இடம் மறக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கால் விறைப்பைச் 'சீனியால்தான்' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதில் பி12 குறைவாலும் வருவது உண்டு, அது ஊசியாலோ குளிசையாலோ திருத்தக்கூடியது. காலம் கடந்தால் நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுதாகத் திரும்பாது. பாதை விட்டுப் பார்ப்போம் என்று மூன்று மாதம் கடத்த வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

பி12உம் துணைநொதியக் குடும்பம்தான். கோஎன்சைம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பி வகையைச் 'சாதாரண சத்துக் குளிசை' என்று ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். பி1 இன் கதை நம் ஊருக்கே சொந்தமானது. பெரிபெரி என்ற நோயின் பெயர் சிங்களத்திலிருந்து உலகத்துக்குப் போனது; அந்தப் 'பெரி'க்குப் பொருள் 'முடியாது', நம் பேச்சில் சொன்னால் 'ஏலாது'. அம்மா சொல்கிறாரே, அதே சொல். தவிட்டை முழுக்கத் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் அது. ஜாவாவில் வேலை செய்த எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் வலுவிழந்து விழுவதையும் தவிடு கொடுத்தால் எழும்புவதையும் கவனித்தார். 1929 இல் அவருக்கு நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த பி1தான் உடம்பில் துணைநொதியமாகி மாச்சத்தை எரிக்க உதவுகிறது. நெல்லைக் குற்றுவதற்கு முன் அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசி மணிக்குள் இறங்கிவிடும். நம் அம்மம்மாமார் முற்றத்தில் நெல் அவித்த அண்டாவுக்குள் நடந்தது அதுதான். இன்று பெரிபெரி அபூர்வம் என்றாலும், தினமும் சாராயம், கசிப்பு பாவிப்பவர்களுக்கும், இதய வருத்தத்துக்கு நீர் போகும் குளிசை நெடுநாள் கூடிய அளவில் எடுப்பவர்களுக்கும், மசக்கையில் கிழமைக்கணக்கில் சத்தி எடுப்பவர்களுக்கும் பி1 குறையும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இதையும் டொக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு மற்றச் சந்தேகம் தைரொயிட், கழுத்துச் சுரப்பி. அறுபது வயதுப் பெண்களில் அதன் சுரப்புக் குறைவது சாதாரணம். களைப்பு, தசை நோவு, கொலஸ்ட்ரோல் ஏறுவது மூன்றையும் அது ஒன்றாகவே கொண்டு வரும். தைரொயிட் குறைவாக இருக்கும்போது ஸ்டட்டினால் வரும் தசை நோவும் கூடும். டிஎஸ்எச் என்ற ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்கடுத்தது எஃப்பிசி என்ற முழு இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் எவ்வளவு, எம்சிவி (செங்குருதிக் கலத்தின் பருமன்) எவ்வளவு என்று அதில் இருக்கும். எம்சிவி 100க்கு மேலே போனால் பி12 சந்தேகம் வலுக்கும். ஆனால் எம்சிவி சரியாக இருந்தாலும் பி12 குறைந்திருக்கலாம், அதனால் பி12 அளவையும் தனியாகப் பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி, சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், இரண்டும் கிளினிக்கில் எப்படியும் பார்ப்பார்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறதா, பின்னேரம் கணுக்கால் வீங்குகிறதா என்பதையும் கேளுங்கள். ஆம் என்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே போய்க் காட்டுங்கள்.

கடையில் கியூ10 வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: ஒரு மாதப் போத்தலின் விலையில் எஃப்பிசியும் டிஎஸ்எச்சும் தனியார் ஆய்வுகூடத்தில் செய்து, மிச்சமும் இருக்கும். அரச கிளினிக்கில் டொக்டர் எழுதினால் அந்தச் செலவும் இல்லை.

இனி, பரிசோதனைகள் எல்லாம் சரி, களைப்பு மட்டும் தீரவில்லை என்று வையுங்கள். அப்போது போத்தலைத் திறக்கலாம். எப்படி எடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது.

போன மாதம் ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா வந்தார். இரண்டு மாதமாகப் போடுகிறாராம், ஒரு மாற்றமும் இல்லையாம். "எப்ப போடுறீங்கம்மா?" "விடிய எழும்பின உடன, வெறுவயித்தில, சுடுதண்ணியோட." போத்தலைத் திறந்தால் வெயிலில் கிடந்து கப்சியூல்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன. அவரைக் கேட்டு ஒன்றை எடுத்து, பிளேட்டால் நுனியை வெட்டி, வெள்ளைச் சோசரில் பிழிந்தேன். பழுத்த பப்பாசியின் நிறத்தில் தடித்த எண்ணெய் இறங்கியது. அதில் பாதியை ஒரு தண்ணீர்க் கோப்பையில் விட்டேன். பொட்டுப்பொட்டாக மேலே மிதந்தது, கரண்டியால் கலக்கியும் சேரவில்லை. மற்றப் பாதியில் நாலு துளி தேங்காயெண்ணெய் விட்டுக் கரண்டியால் தேய்த்தேன். ஒரே மஞ்சளாகச் சேர்ந்துவிட்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் சோசரையே பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் தண்ணிக்க போனதா தம்பி?" என்றார். பெரும்பகுதி அப்படித்தான் போயிருக்கும்.

அதனால் மதியச் சாப்பாட்டோடு எடுங்கள், கறியில் தேங்காய்ப்பால் இருக்கும் நேரத்தில். இரவில் வேண்டாம், சிலருக்குத் தூக்கம் கெடும். நாளுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் போதும். இரத்தத்தில் இதன் அளவு ஏறி நிலைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும், ஆகவே போட்ட அன்றே உசார் வந்ததென்றால் அது கியூ10ஆல் வந்ததல்ல. மூன்று மாதம் பாருங்கள். தொடங்கும் முன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: அம்மா வாசலிலிருந்து கடை வரை இளைப்பாறாமல் நடக்கிறாரா, கிணற்றில் எத்தனை வாளி அள்ளுகிறார். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேளுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், திடீரென்று நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. வயிற்றுப் பிரட்டல், வயிற்றோட்டம் வந்தால் அளவைக் குறையுங்கள். சீனியும் பிரஷரும் சிலருக்குக் கொஞ்சம் இறங்கக்கூடும், முதல் மாதம் கூடுதலாக அளந்து பாருங்கள்.

கியூ10 ஏறக்குறைய 48 பாகை செல்சியசில் உருகும்; வெளிச்சமும் அதைக் கெடுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, யன்னலோரத்தில் வைக்கும் போத்தல் கெட்டுப்போகும். அலுமாரிக்குள் வையுங்கள். யுபிகுவினோல் என்று கூடிய விலையில் விற்பதை வாங்கத்தான் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். எண்ணெயில் நன்றாகக் கரைத்துச் செய்த சாதாரண யுபிகுவினோன் போதும். உள்ளே போன பிறகு உடம்பு தேவைக்கு மாற்றிக்கொள்ளும். பார்சலில் வருபவை இலங்கையின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கண்ணில் படாமல் வருபவை. அதனால் காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், வெளி நிறுவனம் ஒன்று தரம் பார்த்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று அண்ணாவிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன், உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாவிட்டாலும் வாசிக்கும் யாருக்காவது பொருந்தும். வார்பரின், இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளிசை. கியூ10இன் அமைப்பு விற்றமின் கே யை ஒத்தது. வார்பரினின் வேலையைக் குறைத்ததாக நோயாளிகளில் பதிவுகள் உண்டு. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஐயா ஒருவர், இதய வால்வு மாற்றியவர், மாதம் தவறாமல் என்னிடம்தான் வார்பரின் எடுப்பார். அவருடைய ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு; குறைந்தால் இரத்தம் எளிதில் கட்டும்) இரண்டு வருடமாக 2.5க்கும் 3க்கும் இடையில் நின்றது. ஒரு மாதம் கொப்பியில் 1.6 என்று எழுதியிருந்தது. கீரை கூடச் சாப்பிட்டீர்களா, குளிசை தவறியதா என்று கேட்டேன், எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "வேற ஏதும் புதுசா?" என்று கேட்டபோதுதான், "மகள் அனுப்பின உசார்க் குளிசை ஒண்டு போடுறன், அது மருந்தில்லத்தானே?" என்றார். அன்றே கிளினிக்குக்கு அனுப்பினேன், டொக்டர் அதை நிறுத்தச் சொன்னார். மூன்று கிழமையில் ஐஎன்ஆர் பழைய இடத்துக்கு வந்தது. வால்வில் இரத்தம் கட்டியிருந்தால் பக்கவாதம் வந்திருக்கலாம். வார்பரின் எடுப்பவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். புற்றுநோய் மருந்து ஏற்றும் காலத்திலும், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் அதே பேச்சுத்தான்.

உங்களுக்கு, தங்கச்சி? முப்பதுகளில் இருக்கும் ஆசிரியை, பின்னேரம் சுருண்டு படுக்கிறீர்கள். என் முதல் கேள்வி மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பது. இரண்டாவது, சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரி குடிக்கிறீர்களா என்பது. தேயிலை, சாப்பாட்டின் இரும்பை உறிஞ்ச விடாது; ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். எஃப்பிசியோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினையும் பாருங்கள். இரும்பு குறைவு என்று தெரிந்த பிறகு இரும்புக் குளிசை எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் சுவடு உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும் இரும்பு தேவைப்படாமல் இருக்கலாம். அப்புறம் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். என்ஏடி, என்எம்என் என்று இப்போது விளம்பரம் செய்பவையும் துணைநொதியச் சரக்குத்தான். இரத்தத்தில் என்ஏடி அளவு ஏறுவதைக் காட்டியிருக்கிறார்கள், உசார் கூடுவதை உறுதியாகக் காட்டவில்லை. அதற்குச் சம்பளத்தைக் கொட்ட வேண்டாம்.

அம்மாவின் சாப்பாட்டில் இன்றே ஒன்று செய்யலாம். மச்சம் வேண்டாம் என்றால் அது அவருடைய மனசு, வற்புறுத்த வேண்டாம். மதியத்தில் சீனி போடாமல் ஒரு கோப்பை எருமைத் தயிர் கொடுங்கள், முட்டைக்குச் சம்மதித்தால் ஒரு முட்டை. குறைவு ஏற்கனவே இருந்தால் இது மட்டும் ஈடு செய்யாது, பி12 மருந்தாகத்தான் வேண்டும். 'இரத்தம் குறைவு' என்று யாராவது தனியாக ஃபோலிக் அசிட் கொடுத்தால் மட்டும் பி12 பார்க்காமல் தொடங்காதீர்கள். அது இரத்தத்தைச் சரியாகக் காட்டிவிட்டு, நரம்பைக் கெட விடும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு அந்தப் போத்தலையும் பையில் போட்டுக் கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள். "அம்மாவுக்கு 12 வருடமாகச் சீனி, மெட்போமின் எடுக்கிறார், மச்சம் சாப்பிடுவதில்லை, பி12உம் டிஎஸ்எச்சும் பார்க்கலாமா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். முடிவுத் தாள் கைக்கு வந்ததும் ஹீமோகுளோபின், எம்சிவி, பி12, டிஎஸ்எச் இந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.